கோழிக்கொண்டைச் சுவர்

கருங்கழி அனல் மின் நிலையத்தின் இரண்டாம் குளிர்கோபுரத்துக்குள் ஐந்து தொழிலாளிகள் இறந்து பதினான்கு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை காலையில் ஜெசிந்தா மச்சாடோ அங்கே போய் இறங்கினாள். அந்தச் சாவுகளுக்கும் தான் வந்த வேலைக்கும் சம்பந்தம் எதுவும் இல்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கோபுரத்தின் உட்சுவரில் ஒட்டிய படலம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்து அறிக்கை எழுத வேண்டும். இரண்டு நாள் வேலை. சனிக்கிழமை தூத்துக்குடியில் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். அதற்கான புடவையைக்கூடப் பெட்டியில் வைத்திருந்தாள்.

அந்தப் படலத்துக்கான கணக்கு முழுவதும் அவள் போட்டது. வெங்காயத் தோலைவிட மெல்லிய படலம். தன்மேல் பட்ட சூட்டைச் சுவருக்குள் விடாது, வெளியேயும் விடாது. பக்கவாட்டில் பரப்பிக்கொண்டே போகும். ஓரிடத்தில் மட்டும் சூடேறிக் கான்கிரீட் வெடிப்பு விடக் கூடாது என்பதற்காகச் செய்தது. கண்ணால் பார்த்தால் வழவழப்பாக இருக்கும். நுண்ணோக்கியில் வைத்தால்தான் அதன் உண்மையான உருவம் தெரியும். கோழிக்கொண்டைப் பூவின் ஓரத்தைப்போல மடிப்புக்குள் மடிப்பு, சுருக்கத்துக்குள் சுருக்கம். சிறிய இடத்தில் பெரிய பரப்பை அடைத்து வைக்க அவளுடைய ஆய்வுக்கூடம் கண்டுபிடித்த வழி அது. கோபுரத்தின் மேல் விளிம்பைச் சுற்றிப் பல்லாயிரம் வெப்ப உணரிகள் பதித்திருந்தார்கள். நிலையம் ஓடினாலும் நின்றாலும் அவை தம் பாட்டுக்குப் பதிவு செய்துகொண்டே இருக்கும். அந்தப் பதிவை எடுத்துப் பார்க்கத்தான் ஆள் கிடையாது.

விபத்து நடந்தது வருடாந்திரப் பராமரிப்புக்காக நிலையத்தை நிறுத்தியிருந்த வாரத்தில். காலை பத்து இருபதுக்கு உள்ளே கட்டியிருந்த சாரம் மொத்தமாகச் சரிந்து சுவரடியில் இரண்டு ஆள் உயரத்துக்குக் குவிந்தது. கீழே மாட்டிக்கொண்டவர்களிடமிருந்து சத்தம் எதுவும் இல்லை. பறக்கும் கேமராவை உள்ளே அனுப்பி உடல்சூடு தெரிகிறதா என்று தேடினார்கள். தெரியவில்லை. தலைமைப் பொறியாளர் தணிகாசலம் அப்போதுதான் ஜெசிந்தாவைத் தொலைபேசியில் கூப்பிட்டார். குவியலுக்கு அடியில் யாராவது உயிரோடு சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்தச் சூடு படலம் வழியாக மேலே வந்து கேமராவுக்குத் தெரியுமா என்று கேட்டார். ஜெசிந்தா புனே விமான நிலையத்தில் பெட்டியைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அரை நிமிடம் யோசித்தாள்.

"அரை மணி நேரத்துல கறை மாதிரி மேல ஏறி வந்துடும் சார். உயிரோட இருந்தா தெரியாம போகாது."

மாலை வரை கேமராவில் கறை எதுவும் தெரியவில்லை; ஆறு மணிக்கு மீட்புப் பணியை நிறுத்தினார்கள். சுவரும் சாயும் நிலையில் இருந்தது. பிறகு முட்டுக் கொடுத்து மெல்ல மெல்லக் குவியலை அகற்றி ஐந்து உடல்களையும் எடுத்து முடிக்கப் பதினொரு நாள் ஆயிற்று. கடற்கரைச் சூட்டில் அத்தனை நாள் கிடந்த உடல்களைப் பார்த்துப் பிரேதப் பரிசோதனை எதையும் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. கேமரா சொன்னதை வைத்து, உடனடி மரணம் என்று அறிக்கை எழுதினார்கள். ஐந்து வீடுகளிலும் அப்படித்தான் சொன்னார்கள்.

அந்தப் புதன்கிழமை ஜெசிந்தா பதினான்கு மாதப் பதிவையும் தன் கணினியில் இறக்கிக்கொண்டாள். தேய்மானத்தை அளக்க, சுவரில் சூடே இல்லாத நாள் ஒன்று ஒப்பிடுவதற்கு வேண்டியிருந்தது. நிலையம் நின்றிருந்த அந்த வாரத்தைவிடப் பொருத்தமானது வேறில்லை. வெறும் கோடு வரும் என்று எதிர்பார்த்துத் திறந்தாள்.

வெறும் கோடாக இல்லை. மிக மெல்லிய சூடு, ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, விளிம்பின் ஒரு பக்கமாக வந்திருந்தது. உணரிகளின் கோளாறு என்று முதலில் ஒதுக்கப் பார்த்தாள். ஆனால் கோளாறு என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்க வேண்டும். இது சரியாகக் காலை பத்து இருபதையொட்டித் தொடங்கியிருந்தது.

அந்தப் படலத்தில் போன சூட்டை எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிக் கண்டுபிடிக்க முடியும். சமதளத்தில் அது முடியாது. அங்கே சூடு கலந்து கலந்து பிறந்த இடத்தை மறந்துவிடும். இந்தச் சுருக்கங்களில் அப்படி இல்லை. ஒரு பக்கமாகப் போன சூடு மேலும் மேலும் அந்தப் பக்கமே விலகிப் போகும். திரும்பி வந்து மற்றதோடு கலக்காது. விளிம்பில் எந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது என்று பார்த்தால் அடியில் எங்கே புறப்பட்டது என்று சொல்லிவிடலாம். இதை ஒரு கட்டுரையாகவே அவள் எழுதியிருந்தாள். நிஜமான ஒன்றுக்கு அதைப் போட்டுப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

மதியம் மூன்று மணிக்குச் சுவரின் அடிப்பகுதி திரையில் வந்தது. நல்ல வெளிச்சமான அறை. பக்கத்து மேசையில் யாரோ மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். திரையில் வரிசையாகச் சூடான புள்ளிகள்.

உயிருள்ள உடம்பு சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். உயிரில்லாதது இருப்பதைக் கொடுத்துவிட்டு ஆறிப்போகும். இரண்டு புள்ளிகள் தொடக்கத்திலிருந்தே ஆறத்தான் செய்தன. மூன்றாவது மதியம் ஒரு மணி வரை நின்றது. நான்காவது மாலை ஐந்து நாற்பது வரை. மீட்புப் பணியை ஆறு மணிக்கு நிறுத்தினார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஆறு மணிக்குப் பிறகும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளிகள் எரிந்துகொண்டிருந்தன.

அவற்றில் ஒன்றின் அருகே இன்னொரு சிறு சூடு தோன்றித் தோன்றி மறைந்தது. மூன்று தடவை, பிறகு இடைவெளி, மறுபடி மூன்று தடவை. உள்ளங்கை. எவனோ உள்ளங்கையைச் சுவரில் வைத்து எடுத்து வைத்து எடுத்து, அழைத்துக்கொண்டிருந்தான்.

ஏன் சுவரில் கையை வைத்தான் என்பது ஜெசிந்தாவுக்கு உடனே விளங்கிவிட்டது. படலம் ஒட்டிய வருடம் தொழிலாளிகளுக்குப் பயிற்சி கொடுத்தது அவள்தான். ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சுவரில் கை வைக்கச் சொல்லித் திரையில் அது தெரிவதைக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். சுவர் பார்த்துக்கொண்டே இருக்கும் என்று அவள் சொன்னதை ஒருவன் நம்பியிருக்கிறான்.

கை மறுநாள் காலை ஐந்து மணி வரை அழைத்தது. பிறகு அந்த உடம்பு ஆறத் தொடங்கியது. கை நின்றுவிடும் என்று அவள் நினைத்தாள். நிற்கவில்லை. பக்கத்துப் புள்ளிக்கு அருகே அதே மூன்று, அதே இடைவெளி. சாகப் போகிறவன் மற்றவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அவன் மாலை ஐந்து இருபது வரை வைத்தான். மொத்தம் முப்பத்தொரு மணி நேரம்.

ஜெசிந்தா ஒரு தாளை எடுத்து, விமான நிலைய வரிசையில் மனதில் போட்ட கணக்கை மறுபடி எழுதினாள். சமதளம் என்று வைத்துக்கொண்டு போட்டிருந்தாள். சுருக்கங்களின் வளைவைச் சேர்த்து எழுத நாலே வரி பிடித்தது. கறை வராது. எத்தனை நாள் தொட்டுக்கொண்டிருந்தாலும் அந்தக் கேமராவுக்குத் தெரியும் அளவுக்குச் சூடு ஓரிடத்தில் சேராது.  மாம்பழம் நறுக்கியவர் ஒரு துண்டை நீட்டினார். அவள் அதை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

எந்தப் புள்ளி யார் என்று பார்க்க உடல்களை எடுத்த இடங்களின் வரைபடத்தைக் கேட்டு வாங்கினாள். ஐந்து சிலுவைக் குறிகள். ஐந்து புள்ளிகள் அவற்றின்மேல் அப்படியே போய் உட்கார்ந்தன. முதலில் கை வைத்தவன் இசக்கிராஜா, வயது முப்பத்தெட்டு. முப்பத்தொரு மணி நேரம் இருந்தவனின் புள்ளிக்கு நேரே குறி எதுவும் இல்லை.

அவள் மூன்று தடவை கணக்கைத் திரும்ப ஓட்டினாள். மூன்று தடவையும் ஆறு.

தணிகாசலத்துக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. நல்ல மனிதர் என்று பெயர். அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, அன்று தொலைபேசியில் கேட்டது நினைவிருக்கிறதா என்று ஜெசிந்தா ஆரம்பித்தாள். ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது என்றார்.

"நான் சொன்னது தப்பு சார். அவங்க உயிரோட இருந்தாங்க. நீங்க நிறுத்தச் சொன்னப்பவும் இருந்தாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.  பிறகு, சுவர் உண்மையிலேயே சாயத்தான் இருந்தது என்றும், உள்ளே பதினான்கு மீட்புப் பணியாளர்கள் இருந்தார்கள் என்றும், அவள் என்ன சொல்லியிருந்தாலும் தான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை என்றும் யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். அப்புறம் குரல் தணிந்தது.

"டாக்டர், அந்த அஞ்சு வீட்லயும் மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு ஆறுதல். வலி தெரியாம போயிட்டாங்கங்கிறது. அதைப் பிடுங்கிட்டு நீங்க என்ன கொடுக்கப் போறீங்க?"

ஜெசிந்தா கணினியை அவர் பக்கம் திருப்பினாள்.

"அஞ்சு இல்ல சார். ஆறு."

"லிஸ்ட்ல அஞ்சு பேர்தான்."

"சுவர்ல ஆறு பேர்."

குறியில்லாத அந்த இடத்தின்மேல் அவர் விரலை வைத்துப் பார்த்தார். அந்த மூலையை அவர்கள் தோண்டவே இல்லை. ஐந்தாவது உடல் கிடைத்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நிறுத்தினார்கள். சுவர் சாயாமல் இருக்க அந்தப் பள்ளத்தில் கான்கிரீட் ஊற்றச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர் அவரே.

அன்று உள்ளே போனவர்கள் எத்தனை பேர் என்று வாசல் பதிவேடு ஐந்து என்றே சொன்னது. வேறு யாருக்குத் தெரியும் என்று ஜெசிந்தா கேட்டபோது, ஒப்பந்தத் தொழிலாளிகளுக்குக் கேண்டீனில் சாப்பாடு கட்டிக் கொடுக்கும் பெண்ணைச் சொன்னார்கள். பெயர் முத்துப்பேச்சி. இசக்கிராஜாவின் மனைவி.

மறுநாள் நான்கு மணிக்குக் கேண்டீன் ஓய்ந்திருந்தது. முத்துப்பேச்சி பெரிய அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எண்ணிக்கையை மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடலாம் என்று ஜெசிந்தாவுக்கு ஒரு கணம் தோன்றாமல் இல்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அது முடியவில்லை. முழுவதையும் சொன்னாள். தன்னிடம் கேட்டதை, தான் பதில் சொன்னதை, அது தப்பாகிப் போனதை.

முத்துப்பேச்சிக்கு ஒன்று புரியவில்லை. இவ்வளவு படித்தவர் எப்படித் தப்பாகச் சொன்னார் என்பது. குத்தலாக அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

சாமி படத்து மாலையில் கோழிக்கொண்டைப் பூ ஒன்று இருந்தது. ஜெசிந்தா அதைக் காட்டினாள். "சூடுங்கிறது கண்ணு தெரியாத எறும்பு மாதிரி. வழி தெரியாம அலையும். இந்த மேசை மேல விட்டா சுத்திச் சுத்திப் பழைய இடத்துக்கே வந்துக்கிட்டு இருக்கும். அதனால ஒரு இடத்துல நிறைய எறும்பு சேரும். நம்ம கண்ணுக்குத் தெரியும். அந்தப் பூ மேல விட்டா, எந்தப் பக்கம் போனாலும் முன்னால இடம் விரிஞ்சுக்கிட்டே போகும். திரும்பி வர வழி சிக்காது. அந்தச் சுவர் அந்தப் பூ மாதிரி. நான் மேசைன்னு நெனச்சுப் பதில் சொல்லிட்டேன்."

முத்துப்பேச்சி அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன மணி வரைக்கும் இருந்தாக?"

"மறுநாள் காலைல அஞ்சு மணி வரைக்கும்."

"அஞ்சு மணிக்கு நான் கேட்டுலதான் கெடந்தேன். உள்ள விடச் சொல்லிக் கேட்டேன். உசிரு இல்லன்னு மெஷினே சொல்லிட்டு, நீ வீட்டுக்குப் போன்னு வண்டில ஏத்தி விட்டாக."

அழவில்லை. அவர் கஷ்டப்பட்டாரா என்று கேட்டாள். ஜெசிந்தா தெரியாது என்றாள்; கையைப் பற்றி மட்டும் சொன்னாள். மூன்று தடவை, இடைவெளி, மூன்று தடவை. முத்துப்பேச்சி தன் வலது உள்ளங்கையை மேசைமேல் வைத்து எடுத்தாள். மறுபடி வைத்தாள். மூன்றாவது தடவை எடுக்க முடியாமல் அப்படியே குனிந்துவிட்டாள். ஜெசிந்தா அவள் தோளைத் தொடப் போய், தனக்கு அந்த உரிமை இல்லை என்று கையை இழுத்துக்கொண்டாள்.

நிமிர்ந்தபோது முத்துப்பேச்சியின் குரல் கரகரத்திருந்தது.

"என்ன மன்னிச்சிருன்னு கேட்டுராதீங்க மேடம். இப்போ என்னால ஆவாது."

கேட்க மாட்டேன் என்றாள் ஜெசிந்தா. அப்புறம்தான் வந்த காரியத்தைக் கேட்டாள். அன்று எத்தனை பேருக்குச் சாப்பாடு கட்டினீர்கள் என்று.

"ஆறு பேருக்கு. ஆறு பேருல்லா உள்ள போனாக. வடக்கத்திக்காரப் புள்ள ஒண்ணு அன்னைக்குக் காலைலதான் வந்துச்சு. காண்ட்ராக்டர் ஆளு கூட்டியாந்து விட்டான். போலீசு கேட்டப்பவே சொன்னேன். பேரு என்னன்னாக. எனக்குத் தெரியல. பேரு தெரியலன்னா எப்படி எழுதன்னுட்டுப் போயிட்டாக."

ஜெசிந்தா நிச்சயதார்த்தத்துக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். தொழில்நுட்ப ஆலோசனை தவறாக அமைந்தது என்று எழுதினால் போதும் என்று அங்கே ஒருவர் சொன்னார். ஆலோசனை தானாக அமையாது என்று சொல்லித் தன் பெயரை எழுதினாள். அவளுடைய ஆய்வுக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்துகொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை. தணிகாசலம் நிர்வாகம் தடுத்தும் கேளாமல் தோண்ட ஒப்புதல் கொடுத்தார். கான்கிரீட்டை உடைத்த மூன்று நாளும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றார்.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு அவன் கிடைத்தான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி இருந்தான். இசக்கிராஜாவை எடுத்த இடத்துக்கும் அவனுக்கும் இடையே ஒன்றரை முழம்கூட இல்லை. சட்டைப்பையில் பீடிக்கட்டு தவிர எதுவும் கிடையாது. அப்படி ஓர் ஆளைத் தனக்குத் தெரியவே தெரியாது என்று ஒப்பந்தக்காரர் சாதித்தார். அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் இருபத்திரண்டு என்று எழுதினார்கள்.

அந்த வரியை முத்துப்பேச்சியிடம் சொன்னது ஜெசிந்தாதான். முத்துப்பேச்சி முந்தியிலிருந்து தன் தொலைபேசியை எடுத்தாள். அன்று காலை அந்தப் பையன் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்க வந்தபோது, ஊருக்குப் பேச வேண்டும் என்று சைகை காட்டி அவளிடம் தொலைபேசியைக் கேட்டிருக்கிறான். அவனுடையதில் சார்ஜ் இல்லை. அதைத் தொழிலாளிகள் தங்கும் கொட்டகையில் சார்ஜுக்குச் செருகிவிட்டு வந்திருந்தான். இரண்டு நிமிடம் பேசினான். பிறகு மறுநாள் அந்த எண்ணிலிருந்து ஒரு பெண்குரல் கூப்பிட்டது. அவள் பேசியது இவளுக்குப் புரியவில்லை. இவள் அழுததும் அவளுக்குப் புரிந்திருக்காது. அப்புறம் அந்த எண்ணிலிருந்து அழைப்பே வரவில்லை. அதை அழிக்க மனமில்லாமல் வடக்குப் புள்ள என்று பேர் போட்டு வைத்திருந்தாள்.

"உங்களுக்கு அந்தப் பாஷ தெரியும்லா மேடம். நீங்க பேசுங்க."

கேண்டீனின் பின்வாசலில், கழுவிக் கவிழ்த்த தட்டுகளுக்குப் பக்கத்தில் நின்று ஜெசிந்தா அந்த எண்ணை அழுத்தினாள். இந்தியில் எப்படித் தொடங்குவது என்று மனதுக்குள் இரண்டு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தாள். நான்காவது மணியில் எடுத்தார்கள். சிறு பெண்ணின் குரல். பதினைந்து பதினாறு வயது இருக்கலாம். கருங்கழியிலிருந்து பேசுகிறேன் என்றதும் அந்தக் குரல் துள்ளியது. அண்ணன் வேலை பார்க்கும் கம்பெனியா என்று கேட்டது. தன் பெயர் ஃபூல்மணி என்றது. அண்ணன் பெயரைச் சொன்னது. சோமாய்.

பெயரைக் கேட்டதும் ஜெசிந்தாவின் தயார் வாக்கியங்கள் கலைந்துவிட்டன. அண்ணனிடம் கடைசியாக எப்போது பேசினாய் என்று மட்டும் கேட்டாள்.

அந்தப் பெண் கொஞ்சம் குறைப்பட்டுக்கொண்டாள். பேசி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அங்கே வேலை இடத்தில் சத்தம் அதிகம், பேச முடியாது, எழுது என்கிறான். நானும் எழுதுவேன், அவனும் தவறாமல் எழுதுவான். நேற்றுக்கூட எழுதினான். சாப்பிட்டேன், நன்றாக இருக்கிறேன், பண்டிகைக்கு வர முடியாது, அம்மாவைப் பார்த்துக்கொள் என்று.

 முத்துப்பேச்சி ஜெசிந்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன சொல்லுதா?"

"அண்ணன் நல்லா இருக்கான்னு சொல்றா. நேத்துக்கூட மெசேஜ் அனுப்பினானாம்."

முத்துப்பேச்சிக்கு அது உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. கொட்டகையில் செருகி வைத்த தொலைபேசியை யாரோ எடுத்துச் சார்ஜ் போட்டிருக்கிறார்கள். பதினான்கு மாதமாகப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 

"அப்போ ஆறு பேருன்னு அந்தக் காண்ட்ராக்டர் ஆளுவளுக்குத் தெரியும்," என்றாள் மெதுவாக. "அன்னைக்கே தெரியும்."

மறுமுனையில் ஃபூல்மணி இன்னும் இணைப்பில் இருந்தாள். அண்ணன் பக்கத்தில் இருக்கிறானா, இரண்டு நிமிடம் அவனிடம் கொடுக்க முடியுமா, குரலைக் கேட்டு ரொம்ப நாளாயிற்று என்று கேட்டாள்.

 உன் பக்கத்தில் பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா அம்மா என்று ஜெசிந்தா கேட்டாள்.